ஒரே தேர்தலோடு போன சேவல்

இரட்டை இலை இல்லாமல் அ.தி.மு.க.வினர் சந்தித்த சட்டமன்றத் தேர்தல் 1989 ஜனவரியில் நடந்தது. எம்.ஜி.ஆர். மறைந்து கட்சி இரண்டாகி, சின்னமும் முடங்கிப்போன சமயம். ஜெயலலிதா அணிக்குச் சேவல், ஜானகி அணிக்கு இரட்டைப் புறா. உதயசூரியனும் கையும் சேர, நான்கு முனைப் போட்டி. சின்னம் சேர்க்கும் பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல தேர்தல் வாய்க்காது.

ஜனவரி என்றால் எங்கள் நீலகிரி மஞ்சூரில் உறைபனி. புல்லெல்லாம் வெளுத்துக் கிடக்கும். அந்தக் குளிரிலும் குந்தா பாலம் பக்கமிருந்து மைக் சத்தம் கேட்டால் போதும், பஜாருக்கு ஓடிவிடுவோம். ஜீப்பிலிருந்து விசிறுகிற நோட்டீஸ் தேயிலைச் செடி மேலெல்லாம் விழும். "அண்ணே, பேட்ஜ் ஒண்ணு குடுங்கண்ணே" என்று கெஞ்சியபடி வளைவு வரை ஓடுவோம். பள்ளிக்கூடத்தில் பண்டமாற்று நடக்கும். இரண்டு கை கொடுத்தால்தான் ஒரு புறா கிடைக்கும். புறா அவ்வளவு அரிது.

அப்பா தையல்காரர். எந்தக் கட்சி கேட்டாலும் கொடி தைத்துக் கொடுப்பார். தி.மு.க.வுக்கும் இரண்டு அ.தி.மு.க.வுக்கும் ஒரே கறுப்புத் துணி, ஒரே சிவப்புத் துணி. வெட்டி விழுந்த துண்டுகளில் சிலவற்றை இன்னும் வைத்திருக்கிறேன். எந்தத் துண்டு எந்தக் கட்சிக்கு வெட்டியது என்று யாராலும் சொல்ல முடியாது.

சேவல் பேட்ஜ் இப்போதும் என் மேசையில் இருக்கிறது. ஒரு ரூபாய் நாணயத்தைவிடக் கொஞ்சம் பெரிய தகரம், பின்னூசி துருவேறிவிட்டது. அச்சு விலகியதால் கொண்டையின் சிவப்பு கழுத்தில் வழிந்து நிற்கிறது. அவசரத்தில் அடித்தது என்று பார்த்ததுமே தெரியும். அந்தத் தேர்தலில் பதின்மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு தி.மு.க. ஆட்சிக்கு வந்தது. சேவல் 27 இடங்களைப் பிடித்தது. ஆண்டிபட்டியில் ஜானகியே தோற்றார். அணிகள் இணைந்தன, இலை திரும்பியது, சேவலுக்கும் புறாவுக்கும் வேலை முடிந்தது.

இந்தச் சேகரிப்பில் என்னை இழுப்பது ஒன்றுதான். எந்த நோட்டீஸை எடுத்தாலும் அதில் இருப்பவர் 'வெற்றி வேட்பாளர்'. டெபாசிட் இழந்தவரும் அதில் வெற்றி வேட்பாளரே. முடிவு தெரியாத அந்தச் சில வார நம்பிக்கை வேறு எந்த ஆவணத்திலும் இவ்வளவு பச்சையாகப் பதிவாவதில்லை. வென்றவர்களுக்குச் சிலை இருக்கிறது, சாலைப் பெயர் இருக்கிறது. தோற்றவர்களுக்கு இந்தக் காகிதம்தான். 2017 ஆர்.கே. நகர் இடைத்தேர்தலில் தொப்பியும் இரட்டை விளக்கு மின்கம்பமும் சின்னங்களாக வந்தன. ஏப்ரலில் அந்தத் தேர்தலே ரத்தானது. வாக்குச்சாவடியைப் பார்க்காமலே முடிந்துபோன அந்தப் பிரசாரத்தின் தொப்பி ஒன்று யாரிடமாவது இருந்தால் பத்திரப்படுத்துங்கள்.

அமெரிக்காவில் 1896 தேர்தலில் செல்லுலாய்டு பேட்ஜ்கள் பரவின. அவற்றை அருங்காட்சியகங்களே காக்கின்றன. நம்மிடமும் ஒருவர் இருந்தார். கோட்டையூர் ரோஜா முத்தையா புத்தகங்களோடு துண்டறிக்கைகளையும் அழைப்பிதழ்களையும் சேர்த்துவைத்தார். 1992இல் அவர் மறைந்த பின், அந்தச் சேகரிப்பிலிருந்துதான் சென்னையில் ஆராய்ச்சி நூலகம் உருவானது.

எங்கள் மலையில் காகிதத்துக்கு எதிரி ஈரம். ஆடி மாதச் சாரலில் பீரோவுக்குள்ளேயே பூஞ்சை பிடிக்கும். லேமினேஷன் மட்டும் போட்டுவிடாதீர்கள், பிறகு பிரிக்கவே முடியாது. அட்டை உறையில் போட்டு, உலர்ந்த இடத்தில் வையுங்கள். பின்பக்கம் பென்சிலால் ஊரும் ஆண்டும் எழுதுங்கள்.

நீலகிரி நாடாளுமன்றத் தொகுதியில் 1962இல் காங்கிரஸின் அக்கம்மா தேவி வென்றார்; படுகர் பெண்களில் முதல் பட்டதாரி அவர். அடுத்து 1967இல் சுதந்திராக் கட்சியின் நஞ்சா கவுடர் நட்சத்திரச் சின்னத்தில் வென்றார். இந்த இரண்டு தேர்தல்களின் நோட்டீஸும் இதுவரை என் கண்ணில் படவில்லை. எடக்காடு, கீழ்குந்தா, கிண்ணக்கொரை பக்கத்துப் பழைய டிரங்குப் பெட்டிகளில் ஒன்று கிடைத்தாலும் பத்திரிகை முகவரிக்கு எழுதுங்கள். காகிதம் உங்களிடமே இருக்கட்டும்; ஒரு படம் எடுத்துக்கொள்ள நானே வீட்டுக்கு வருகிறேன்.