வண்டிக்கு எதுக்குங்க அருவித் தண்ணி?

புளியரை எஸ் வளைவில் ஏறும் பழைய வேன், லாரிகளில் ஏதாவது ஒன்று ஓரமாக நின்று ஆவி விட்டுக்கொண்டிருக்கும். டிரைவர் கையில் தண்ணீர் கேன். தென்காசி போரில் பிடித்தது, இல்லாவிட்டால் குற்றாலத்தில் ஓடையில் மொண்டது. கேட்டால் ஒரே பதில்தான்: "மனுசன் குடிக்கிற தண்ணி, வண்டிக்கு ஆகாதா?"

ஆகாது மக்களே!

வெந்நீர் போடுகிற பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படியுமே, போர் தண்ணீர் இன்ஜினுக்குள்ளும் அதையேதான் செய்யும். அந்தப் படிவு சூட்டை வெளியே விடாது. போதாக்குறைக்கு, தண்ணீரில் உள்ள குளோரைடு அலுமினியத்தில் பொத்தல் போடும்.

சரி, அருவித் தண்ணீர்? உப்பு குறைவுதான். ஆனால் பாறையில் விழுந்து சிதறி வருவதால் ஆக்சிஜன் நிறைய. கொதித்தால் அது போய்விடும் என்பீர்கள். ஒழுகுகிற ரேடியேட்டரில் தினமும் புதுத் தண்ணீர் ஊற்றினால் தினமும் புது ஆக்சிஜன்தானே!

இன்னொரு கூத்து. இன்ஜின் பிளாக் வார்ப்பிரும்பு, ரேடியேட்டர் அலுமினியம் (பழைய வண்டியில் செம்பு, பித்தளை). நடுவில் மின்சாரம் கடத்தும் தண்ணீர். கிட்டத்தட்ட ஒரு பேட்டரி! இதில் ஒரு உலோகம் தன்னைத் தின்னக் கொடுத்து மற்றதைக் காப்பாற்றும். 1824-லேயே ஹம்ப்ரி டேவி கப்பலடியின் செம்புத் தகட்டை இப்படித்தான் துத்தநாகம், இரும்பு வைத்துக் காப்பாற்றிக் காட்டினார். கடல்நீரில் குளிரும் பாய்மரப் படகு இன்ஜினில் இன்றைக்கும் துத்தநாகக் கட்டையைத் திருகி வைத்து, கரையக் கரைய மாற்றுகிறார்கள். லாரிக்கு அந்த வேலையெல்லாம் வேண்டாம். கூலண்டில் இருக்கும் துருத்தடுப்பு மருந்தே போதும்.

"நம்மூர்ல பனியா கொட்டுது, கூலண்ட் எதுக்கு?" என்று ஒரு மேதாவிக் கேள்வி வரும். பாதிக்குப் பாதி கிளைக்கால் கலந்தால் கொதிநிலை 107 டிகிரி வரை ஏறும், அழுத்த மூடி இருந்தால் இன்னும் மேலே. மலை ஏறுகிற வண்டிக்கு அதுதானே வேண்டும்? கலக்க வேண்டியது டிஸ்டில்டு வாட்டர். அந்த மருந்தும் தீர்ந்துபோகும், எனவே வண்டிப் புத்தகம் சொல்கிற கெடுவில் மாற்றியாக வேண்டும்.

சூடேறினால் தெர்மோஸ்டாட்டையே கழற்றி வீசும் மெக்கானிக்குகளுக்குத் தனிக் கும்பிடு. குளிர்ந்தே ஓடும் இன்ஜின் டீசலைக் குடிக்கும், தேய்மானமும் கூடும். பழைய கூலண்டைச் சாக்கடையில் கொட்டுவதும் இவர்களேதான். எத்திலீன் கிளைக்கால் இனிப்பான விஷம். நக்கிய நாய் பிழைக்காது.

டிரைவரைத் திட்டிப் பயனில்லை. கூலண்டுக்குக் காசு கொடுக்காதவர் ஓனர். கொதிக்கிற ரேடியேட்டர் மூடியைத் திறந்து முகம் வேகிறவர் டிரைவர்.