வீட்டுக் கடனும் வயிற்றுப்பாடும்

கும்மிடிப்பூண்டி சிப்காட்டிலும் திருவள்ளூர் வட்டாரத்திலும் மனைப் பத்திரத்தைப் பாங்கியில் அடமானம் வைத்து வீடு கட்டிய தோழர்கள் உண்டு. (விவசாயக் கூலித் தோழருக்குப் பாங்கி வாசல் எளிதில் திறப்பதில்லை, அவர் கதை கந்து வட்டிக் கதை.) "சீக்கிரம் கடனைத் தீருங்கள்" என்று உபதேசிப்போருக்குக் குறைவில்லை. எதைக் கொண்டு தீர்ப்பது?

கணக்கைப் பாருங்கள். 10 லட்சம் ரூபாய், 9 சதவிகித வட்டி, 20 வருடம் என்றால் மாதத் தவணை 8,997 ரூபாய். முதல் மாதம் அதில் 7,500 ரூபாய் வட்டிக்கே போகிறது! அசலில் கழிவது 1,497 ரூபாய்தான். ஆண்டுக்கு ஒரு தவணை கூடுதலாகக் கட்டினால் மூன்று வருடத்துக்கு மேல் குறையும். போனஸ் வரும் தோழர்கள் இதைச் செய்யலாம், செய்யவும் வேண்டும்.

ஆனால் அடுத்த மாத வேலையே நிச்சயமில்லாத காண்டிராக்ட் தொழிலாளி என்ன செய்வார்? பிள்ளையின் பாலை நிறுத்தி, மனைவியின் நகையை அடகு வைத்துக் கட்டுவதா? அது ஒரு வட்டியிலிருந்து இன்னொரு வட்டியில் விழுவதாகும். அவருக்கு முதலில் வேண்டியது வேலை நிரந்தரம். அதற்குச் சங்கம் போராடத்தான் வேண்டும்.

மாறும் வட்டி வீட்டுக் கடனை முன்கூட்டிக் கட்டினால் பாங்கிகள் அபராதம் வாங்கக் கூடாதென்று ரிசர்வ் வங்கி 2012-ல் உத்தரவிட்டது. கடன் தீர்ந்த 30 நாளில் பத்திரம் திரும்ப வேண்டும். பாங்கியின் தவறால் தாமதமானால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் தர வேண்டும் என்பது 2023 உத்தரவு. கூடுதல் பணம் கட்டும்போது, "அசலில் வரவு வைத்து வருடத்தைக் குறைக்கவும்" என்று எழுதிக் கொடுத்து ரசீது வாங்குங்கள்.