கரவெட்டியிலிருந்து நெல்லியடிக்கு, ஸ்காபரோ வழியாக

போன வைகாசியில் எங்கட ஊர் அம்மன் கோயிலடியில் காத்தவராயன் கூத்துப் போட்டார்கள். இரவு பத்தரைக்குத் தொடங்கி விடியும் வரைக்கும். ரெண்டு கமெரா வைத்து முழுசாய் எடுத்தோம். எல்லாம் சேர்ந்து 38 ஜிபி. எடிட் பண்ணுகிற நண்பன் இருப்பது நெல்லியடியில், நான் கரவெட்டியில். வட்ஸ்அப்பில் ஒரு கோப்பு 2 ஜிபிக்கு மேல் போகாது. கூகுள் ட்ரைவ் சும்மா தருகிற இடம் 15 ஜிபி. "டொரண்ட் ஒண்டு செய்து விடு மச்சான், நான் இழுக்கிறன்" என்றான்.

செய்தேன். மக்னெட் லிங்கை அனுப்பினேன். அவன் ஒட்டினான். மூன்று நாள் அப்படியே கிடந்தது. என்னுடைய பக்கத்தில் "சீடிங்" என்று காட்டுகிறது. அவனுடைய பக்கத்தில் கோப்பின் பெயர்கூட வரவில்லை. விபரம் எடுக்கிறேன், எடுக்கிறேன் என்று சுத்திக்கொண்டே இருக்கிறது.

ஹார்ட் டிஸ்க்கைச் சைக்கிளில் கொண்டுபோய்க் குடுத்திருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். அம்மாவும் அதைத்தான் கேட்டவ. ஆனால் அதுக்குள் எனக்கு வீம்பு வந்துவிட்டது.

நாலாம் நாள், நண்பனின் ஒண்டுவிட்ட அண்ணா ஸ்காபரோவில் இருந்து கூத்தைப் பார்க்க ஆசைப்பட்டு அதே லிங்கைக் கேட்டார். அனுப்பினோம். அவர் ஒட்டி ஒரு நிமிசம்கூட ஆகவில்லை, என்னுடைய கணினியில் இருந்து கோப்பு போகத் தொடங்கியது. அதைவிடப் பகிடி, அவரிடம் போய்ச் சேர்ந்த துண்டுகள் உடனேயே அங்கிருந்து நெல்லியடிக்கு வரத் தொடங்கின. எனக்கு அப்லோட் வேகம் வினாடிக்கு 5 மெகாபிட் அளவில், 17 மணித்தியாலத்துக்குக் கிட்ட எடுத்தது. அடுத்த ஊருக்குப் போகவேண்டிய கூத்து கனடா போய்த் திரும்பி வந்தது.

இது ஏன் நடந்தது என்று தெரிந்துகொள்ள எனக்கு ஒரு கிழமை பிடித்தது. வீடியோக்களில் சொல்லுகிற வைத்தியம் எல்லாம் செய்தேன். விண்டோஸ் ஃபயர்வோலில் அனுமதி கொடுத்தேன். ரவுட்டருக்குள் போய் யூபிஎன்பி போட்டேன், போர்ட் ஃபோர்வர்டிங் செய்தேன், ரவுட்டரை நிப்பாட்டி நிப்பாட்டிப் போட்டேன். ஒன்றும் சரிவரவில்லை. காரணம் என்னுடைய ரவுட்டருக்கு அங்கால இருந்தது.

ஐபி முகவரி என்பது பழைய முறையில், அதாவது ஐபிவி4 இல், 32 பிட். மொத்தமே 429 கோடி அளவுதான். ஆசிய பசிபிக் பிரதேசத்துக்கான கையிருப்பு 2011 ஏப்ரலிலேயே அடி வற்றி, அதுக்குப் பிறகு அளந்து அளந்துதான் கொடுக்கிறார்கள். ஆகவே இணைய நிறுவனங்கள் ஒரு முகவரியைக் கன வீடுகளுக்குப் பங்கு போடுகின்றன. இதுக்குப் பெயர் சிஜிநாட். ஒரு ஒழுங்கைக்குள் நூறு வீடு, எல்லாருக்கும் சேர்த்து வெளியில் ஒரு படலை என்று வையுங்கள். உள்ளே இருந்து நீங்கள் வெளியில் போகலாம், போய் வாங்கிக்கொண்டு வரலாம். ஆனால் வெளியில் இருந்து ஒருத்தர் உங்களைத் தேடி வந்தால் படலையில் நிற்கிறவருக்கு எந்த வீடு என்று தெரியாது, திருப்பி அனுப்பிவிடுவார். நீங்கள் உங்கட வீட்டுக் கதவை எவ்வளவு அகலமாய்த் திறந்து வைத்தாலும் பிரயோசனம் இல்லை.

படம் பார்க்க, முகநூல் பார்க்க, சோதனை மறுமொழி பார்க்க இது காணும். அதெல்லாம் நாங்கள் போய் வாங்குகிற விசயம். டொரண்ட் அப்படி இல்லை. 2001இல் ப்ராம் கோஹன் இதைச் செய்ததன் அடிப்படையே, நடுவில் ஒரு பெரிய சேர்வர் இல்லாமல் ஆளுக்கு ஆள் துண்டு துண்டாய்க் கொடுத்து வாங்குவதுதான். அதுக்கு ரெண்டு பேரில் ஒருத்தருடைய படலையாவது திறந்திருக்க வேண்டும். எங்கள் ரெண்டு பேருக்கும் வீட்டில் 4ஜி ரவுட்டர், ரெண்டும் பூட்டு. ஸ்காபரோ அண்ணாவுடையது திறந்திருந்தது. அவ்வளவுதான் கதை.

உங்களுக்கும் டொரண்ட் இப்படி நிற்கிறதென்றால், எல்லா செட்டிங்கையும் கிண்டுவதுக்கு முதல் ஒரு வேலை செய்யுங்கள். டெபியன் அல்லது உபுண்டு லினக்ஸ் டொரண்ட் ஒன்றை, அவர்களுடைய தளத்திலேயே எடுத்துப் போட்டுப் பாருங்கள். அதுக்கு உலகம் முழுக்க ஆயிரக்கணக்கில் ஆட்கள் இருப்பார்கள். அதுவும் வரவில்லையென்றால் பிழை உங்கட பக்கம்: ஃபயர்வோல், அல்லது விடுதி, அலுவலக வைஃபையில் டொரண்டைத் தடுத்திருப்பார்கள். அது வேகமாய் வந்து, நீங்கள் தேடுகிற கோப்பு மட்டும் வராவிட்டால் உங்கட கணினியில் ஒரு பிழையும் இல்லை. கோப்பை வைத்திருக்கிற ஆள் இல்லை, அல்லது இருக்கிற ஒரே ஆளும் எங்களைப் போலப் பூட்டின படலைக்குள் இருக்கிறார். பழைய ட்ரக்கர்கள் செத்துப்போயிருக்கலாம். டிஎச்டி என்பதை ஓன் பண்ணி வைத்தால் ட்ரக்கர் இல்லாமலும் ஆட்களைத் தேடும், பிறகு ஒரு நாள், ரெண்டு நாள் விட்டுப் பாருங்கள். சிஜிநாட்டா என்று அறிய, ரவுட்டர் பக்கத்தில் காட்டுகிற வான் ஐபியையும் "என்னுடைய ஐபி என்ன" என்று தேடினால் வருகிற ஐபியையும் ஒப்பிடுங்கள். ரெண்டும் வேறு வேறு என்றால், அதுவும் ரவுட்டரில் 100.64 இல் இருந்து 100.127 வரைக்குள் ஒரு எண்ணில் தொடங்கினால், சிஜிநாட்தான். அந்த வரிசையை 2012இல் இதுக்கென்றே ஒதுக்கிவிட்டார்கள். 10 இல் தொடங்கினாலும் அனேகமாய் அதே கதைதான். இலவச விபிஎன் போட்டு இதைத் தீர்க்கலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதேங்கோ. அதுவும் இன்னொரு பூட்டின படலை.

என்னுடைய கோபம் இந்தத் தொழில்நுட்பத்தில் இல்லை. முகவரி காணாதென்றால் பங்கு போடத்தான் வேண்டும். கோபம் எதிலென்றால், இதை யாரும் எங்களுக்குச் சொல்வதில்லை. "அன்லிமிட்டட்", "சூப்பர் ஸ்பீட்" என்று பதாகை கட்டுகிறார்கள். நீங்கள் வாங்குவது ஒருவழிப் பாதை என்று எங்கேயும் போடுவதில்லை. யூரியூப்புக்குத் தனி பக்கேஜ், சமூக ஊடகங்களுக்குத் தனி பக்கேஜ். எல்லாம் வாங்கிப் பார்க்கிறதுக்கு. ஊரில் இருந்து ஒன்றைக் கொடுக்கிறதுக்கு ஒரு பக்கேஜும் இல்லை. அப்லோட் வேகத்தை விளம்பரத்தில் போட்டதை நான் காணவே இல்லை.

இதோடு எங்கட பிழையும் இருக்கு. டவுன்லோட் 100% ஆனவுடன் டொரண்டை அழிக்கிறோம். டேட்டா முடிஞ்சிடும் என்கிற பயம் நியாயம்தான், எனக்கும் மாதக் கடைசியில் அதே நிலைதான். ஆனால் இரவு டேட்டா மிஞ்சி வீணாய்ப் போகிறபோதும் செய்வதில்லையே. அப்பா சொல்லுவார், தொண்ணூறுகளில் குடாநாட்டில் கரண்ட் இல்லாத காலத்தில் சைக்கிள் டைனமோவைச் சுத்திப் பாட்டுக் கேட்டதாம், ஒரு கசற் வந்தால் அது ஊர் முழுக்கக் கை மாறிக் கை மாறித் தேயுமாம். கசற்றைத் திருப்பிக் குடுக்காதவனுக்கு அடுத்த கசற் இல்லை.

டொரண்ட் என்றாலே கள்ளப் படம்தானே என்று ஒரு அண்ணா கேட்டார். எங்கட ஆட்கள் அனேகமாய் அதுக்குத்தான் பாவிக்கிறார்கள், மறுக்கவில்லை. நானும் பாவிச்சிருக்கிறேன். ஆனால் இன்டர்நெட் ஆர்க்கைவ் தன்னிடம் உள்ள பெரும்பாலான கோப்புகளுக்கு டொரண்டும் தருகிறது. ஸ்கேன் செய்த தமிழ்ப் புத்தகங்கள் அங்கே கனக்க இருக்கு. ஒன்றை எடுத்துப் பார்த்தால் அனேகமாய் சீட் பண்ணுவது ஆர்க்கைவின் சொந்த சேர்வர் மட்டும்தான், வேறு ஒரு மனிசரும் இல்லை. 2024 ஒக்டோபரில் அந்த ஆர்க்கைவையே தாக்கி, தளம் நாள்கணக்கில் படுத்துக் கிடந்தது. அந்த நாட்களில் அப்படி ஒரு புத்தகத்தின் டொரண்டைப் போட்டிருந்தால், எங்கட கூத்து மாதிரித்தான் சுத்திக்கொண்டு நின்றிருக்கும்.

1981ஐ இழுக்காமல் யாழ்ப்பாணத்தில் ஒரு கட்டுரையும் எழுத மாட்டியளோ என்று நக்கல் அடிப்பீர்கள். பரவாயில்லை. 97,000 நூல்கள் எரிந்ததில் எது வேறெங்கும் பிரதி இல்லாமல் இருந்ததோ, அதுதான் முற்றாய்ப் போனது. வேறு யாரிடமாவது ஒரு பிரதி இருந்தது திரும்பக் கிடைத்தது. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டமும், 2005இல் தொடங்கிய நூலகம் திட்டமும் செய்கிற வேலையால் இன்றைக்கு எங்களிடம் மின்பிரதிகள் இருக்கு. ஆனால் நாங்கள் எல்லாரும் என்ன நினைக்கிறோம் என்றால், அது அங்கே இருக்குத்தானே, தேவைப்பட்டால் எடுக்கலாம் என்று. எடுத்து வைத்திருப்பதில்லை. வைத்திருந்தாலும் அடுத்தவருக்குக் கொடுக்கக்கூடிய மாதிரி வைத்திருப்பதில்லை. எங்கட ஊர்க் கூத்தின் நிரந்தரப் பிரதியும் கடைசியில் ஸ்காபரோவில்தான் இருக்கும் போல. அண்ணா நல்லவர், கணினியை நிப்பாட்டவே மாட்டார். ஆனாலும் அவர் வீடு மாறினால், இணைப்பு மாறினால், நெல்லியடியும் கரவெட்டியும் மறுபடியும் ஒன்றையொன்று காணாமல் நிற்கும்.

தீர்வு இல்லாமலும் இல்லை. ஐபிவி6 முகவரி போதுமான அளவு இருக்கு, ஒவ்வொரு கருவிக்கும் தனி முகவரி கொடுக்கலாம். உங்கட இணைப்பில் அது ஏற்கனவே வருகிறதா என்று பாருங்கள், சில இடங்களில் வரும். வந்தாலும் ரவுட்டர் தானாகவே வெளி இணைப்புகளைத் தடுக்கும், அந்த ஒரு போர்ட்டை மட்டும் திறக்கவேண்டும். திறக்க முதல் ரவுட்டரின் அட்மின் கடவுச்சொல்லை மாத்துங்கோ, பெட்டியில் ஒட்டியிருக்கிற கடவுச்சொல்லோடு படலையைத் திறந்து விடாதேங்கோ. அனுப்புகிறவர், வாங்குகிறவர் ரெண்டு பேருக்கும் ஐபிவி6 இருந்தால்தான் இது வேலை செய்யும்.

நாங்கள் ஐந்து பேர் சேர்ந்து எங்கட இணைய நிறுவனத்துக்கு எழுதினோம். பொது ஐபி வேண்டுமென்றால் வியாபாரப் பக்கேஜுக்கு மாறுங்கள் என்று மறுமொழி வந்தது. அந்தக் காசுக்கு மாதம் ஒரு ஹார்ட் டிஸ்க் வாங்கலாம் என்று நண்பன் சொன்னான். ரெண்டாவது கடிதத்தில் ஐபிவி6 எப்போது என்று மட்டும் கேட்டிருக்கிறோம். இன்னும் மறுமொழி இல்லை. உங்கட வீட்டு இணைப்பில் வான் ஐபி என்ன காட்டுகிறது என்று பார்த்து, நீங்களும் உங்கட நிறுவனத்துக்கு அதே கேள்வியை எழுதுங்கள். கூத்துக்கு இன்று காலை பார்க்கும்போது சீட் 3, அதில் வெளியில் இருந்து தொடக்கூடியது 1.