41 பேரில் 40 பேர்!

ஈரல் புற்றுநோய் எத்தனை பேருக்கு வருகிறது?

ஆஸ்பத்திரியில் போய் எண்ணிப் பார்த்தால் தெரிந்துவிடும் என்றுதான் நினைப்போம். ஆனால், அந்தக் கணக்கு சரியாக இராது.

இந்த நோய் தொடக்கத்தில் வலிப்பதில்லை. வயிறு வீங்கி, உடம்பு இளைத்த பிறகுதான் பலர் டாக்டரிடம் வருகிறார்கள். வராமலே, வீட்டில் இறந்து போகிறவர்களை யார் எண்ணுவது?

எது முந்தி?

தைவான் தீவில் இந்த நோய் மிகுதி. நோயாளிகளின் ரத்தத்தைச் சோதித்தபோது, பெரும்பாலோரிடம் "பி" வகைக் காமாலைக் கிருமி இருந்தது.

கிருமி முதலில் வந்ததா, புற்றுநோய் முதலில் வந்ததா? கட்டிலில் கிடப்பவரைப் பார்த்து இதைச் சொல்ல முடியாது.

அமெரிக்க டாக்டர் பால்மர் பீஸ்லி வேறு வழியில் போனார். நோயாளிகளை விட்டுவிட்டு, நன்றாக நடமாடிக் கொண்டிருந்த அரசாங்க ஊழியர்களைத் தேடினார்! 1975-ம் ஆண்டு வேலை தொடங்கியது. 22,707 ஆண்களின் ரத்தம் சோதிக்கப்பட்டது. 3,454 பேரிடம் கிருமி இருந்தது.

பிறகு, பல ஆண்டுகள் பொறுமையாகக் காத்திருந்தார்கள்.

1981-ல் முடிவு வெளிவந்தது. அதற்குள் ஈரல் புற்றுநோயால் இறந்தவர்கள் 41 பேர். அவர்களில் 40 பேர், முன்பே கிருமி இருந்தவர்கள்!

கிருமிதான் முந்தி என்பது தெரிந்துவிட்டது. (கிருமி உள்ள எல்லோருக்கும் புற்றுநோய் வந்துவிடாது. 3,454 பேரில் 40 பேர்தான் அதற்குப் பலியானார்கள். யாரும் பீதி அடைய வேண்டாம்.)

பிறந்ததும் ஊசி

இந்தக் கிருமி ரத்தத்தின் மூலம் பரவும். பிரசவ சமயத்தில் தாயிடமிருந்து குழந்தைக்கும் தொற்றும். பெரியவர்களுக்குத் தொற்றினால் பெரும்பாலும் தானாகவே போய்விடும். பச்சைக் குழந்தைக்குத் தொற்றினால், 10-ல் 9 குழந்தைகளின் உடம்பில் நிலையாகத் தங்கிவிடும்.

ஆகவே தைவான் அரசாங்கம், 1984-ல் கிருமி உள்ள தாய்மார்களின் குழந்தைகளுக்குத் தடுப்பு ஊசி போடத் தொடங்கியது. 1986-ல் எல்லாக் குழந்தைகளுக்கும் போட்டது.

பலன் என்ன? 1981 முதல் 1986 வரை, 6 வயது முதல் 14 வயது வரையுள்ள 10 லட்சம் பிள்ளைகளில் ஆண்டுக்கு 7 பேருக்கு ஈரல் புற்றுநோய் வந்தது. 1990 முதல் 1994 வரை அது 4-க்கும் கீழே இறங்கிவிட்டது.

இந்தியாவிலும் அரசு ஆஸ்பத்திரிகளில் இந்தத் தடுப்பு ஊசி இலவசம். குழந்தை பிறந்த 24 மணி நேரத்துக்குள் முதல் ஊசி போடுகிறார்கள்.