இயந்திரம் எழுதலாம், அமானிதம் யாருடையது?



“எல்லாரும்தான் பயன்படுத்துகிறார்கள், இதில் என்ன தவறு?” தணிக்கை, சட்டம், நிர்வாக ஆலோசனை ஆகிய துறைகளில் பணியாற்றும் நம் பிள்ளைகள் செயற்கை நுண்ணறிவைப் பற்றி இவ்வாறு கேட்கிறார்கள். பயன்படுத்துவதில் தவறில்லை. சரிபார்க்காமல் கையொப்பமிடுவதும், பயன்படுத்தியதை மறைத்து முழுக் கட்டணம் பெறுவதும் தவறு. அதற்கு மார்க்கத்தில் பெயர் உண்டு: மோசடி.

ஆஸ்திரேலிய அரசுக்காக டெலாய்ட் நிறுவனம் தயாரித்த ஓர் அறிக்கை 2025 ஆம் ஆண்டு வெளியானது. கட்டணம் ஏறத்தாழ 4,40,000 ஆஸ்திரேலிய டாலர். உலகில் இல்லாத ஆய்வுகள் அதில் சான்றாகக் காட்டப்பட்டிருந்தன. நீதிமன்றம் சொல்லாத வாசகம் தீர்ப்பின் வாசகமாகத் தரப்பட்டிருந்தது. சிட்னி பல்கலைக்கழக ஆய்வாளர் ஒருவர் சுட்டிக்காட்டிய பின்னரே திருத்திய பதிப்பு வந்தது. செயற்கை நுண்ணறிவு பயன்படுத்தப்பட்ட செய்தியும் அந்தப் பதிப்பில்தான் இடம்பெற்றது. கட்டணத்தின் இறுதித் தவணையைத் திருப்பித் தர நிறுவனம் இசைந்தது. அறிக்கையின் பொருள் என்ன தெரியுமா? அரசு உதவித்தொகை பெறும் வேலையற்றோர்மீது தண்டனை விதிக்கும் கணினி முறையைப் பற்றிய ஆய்வு. ஏழையின் உணவோடு தொடர்புடைய ஆய்விலா இத்தனை அலட்சியம்?

2023 ஆம் ஆண்டு நியூயார்க்கில், சாட்ஜிபிடி புனைந்த தீர்ப்புகளை வழக்கறிஞர்கள் நீதிமன்றத்தில் தாக்கல் செய்தார்கள். அது பொய்யுரைக்கும் என்று அறியவில்லை என்ற சமாதானம் எடுபடவில்லை. நீதிபதி 5,000 டாலர் அபராதம் விதித்தார்.

“மனிதரும் தவறு செய்வதில்லையா?” என்பார்கள். செய்வார்கள். ஆனால் மனிதரிடம், “இதை எங்கிருந்து அறிந்தாய்?” என்று கேட்கலாம். அந்தக் கேள்வியின் மீதுதான் நம் ஹதீஸ் கலையே எழுந்தது. அறிவிப்பாளர் யார், யாரிடம் கேட்டார், அவர் நம்பகமானவரா என்று ஆராயாமல் நம் இமாம்கள் எதையும் ஏற்கவில்லை. அடுத்து வரத்தக்க சொல்லைக் கணித்துக் கோக்கும் இயந்திரத்துக்கு அத்தகைய சனத் ஏது? தீயவன் செய்தி கொண்டுவந்தால் தெளிவுபடுத்திக்கொள்ளுமாறு அல்ஹுஜுராத் அத்தியாயம் கட்டளையிடுகிறது. மெய்யும் பொய்யும் பிரித்தறியாத கருவி தரும் செய்தியை விசாரணையின்றி ஏற்பது எப்படித் தகும்?

நபி (ஸல்) அவர்கள் கடைவீதியில் ஒரு தானியக் குவியலுக்குள் கைவிட்டபோது உள்ளே ஈரத்தை உணர்ந்தார்கள். மழையில் நனைந்துவிட்டது என்றார் வியாபாரி. மழை அவருடைய குற்றமன்று. ஈரத்தை அடியில் மறைத்ததே குற்றம். மக்கள் காணும்படி அதை மேலே வைத்திருக்கலாமே என்று கேட்ட நபியவர்கள், மோசடி செய்பவர் தம்மைச் சார்ந்தவரல்லர் என்று எச்சரித்தார்கள். இயந்திரத்தின் பிழை அந்த மழை போன்றது. அதை மறைக்கும் கை நம்முடையது.

கட்டணத்திலும் இதே நீதிதான். ஒரு மணி நேரத்தில் முடிந்த வேலைக்குப் பத்து மணி நேரத்துக்கான கணக்கெழுதினால் அந்த ஒன்பது மணி நேர ஊதியம் ஹலாலாகுமா? உண்மையில் செலவிட்ட நேரத்துக்கே கட்டணம் பெற வேண்டும் என்று அமெரிக்க வழக்கறிஞர் சங்கமே 2024 ஆம் ஆண்டு வழிகாட்டியது. அளவையில் குறைப்போருக்கு விடுக்கப்பட்ட எச்சரிக்கையைக் குர்ஆனில் ஓதும் நாம் அவர்களுக்குப் பின்தங்கலாமா?

ஆகவே பெற்றோர்களே, பிள்ளை எவ்வளவு சம்பாதிக்கிறான் என்று கேட்பதோடு நிறுத்தாதீர்கள். எப்படிச் சம்பாதிக்கிறான் என்றும் கேளுங்கள். இளைஞர்களே, வாடிக்கையாளரின் இரகசியத்தை அவர் அனுமதியின்றி இயந்திரத்திடம் ஒப்படைக்காதீர்கள். ஒவ்வொரு சான்றையும் மூலத்தில் பாருங்கள். பயன்படுத்தியதை வெளிப்படையாகச் சொல்லுங்கள். மேலதிகாரி அவசரப்படுத்தினாலும் கையொப்பம் உங்களுடையது. மறுமையில் இயந்திரம் விசாரிக்கப்படாது; நாம் விசாரிக்கப்படுவோம்.

அமானிதம் பேணுவோரில் அல்லாஹ் நம்மைச் சேர்ப்பானாக! ஆமீன்.