வெள்ளைச் சட்டையும் சோளமாவும்

சென்ற வசந்தத்தில் ஒரு சனிக்கிழமைக் காலை, நாங்கள் வசிக்கும் அமெரிக்க நகரில் நடந்த வண்ணப்பொடி ஓட்டமொன்றில் கலந்துகொண்டோம். நாங்கள் என்பது மூன்று தமிழ்க் குடும்பங்கள். அலுவலக நண்பர் ஒருவரின் வற்புறுத்தலால் பெயர் கொடுத்திருந்தோம். "இது உங்கள் பண்டிகைதானே, நீங்கள் இல்லாமலா?" என்று அவர் கேட்டபோது சிரித்து மழுப்பினோம். ஆம் என்றும் சொல்ல இயலவில்லை, இல்லை என்றும் சொல்ல மனம் வரவில்லை. அந்தத் தயக்கத்தைப் பற்றியே இங்கு எழுத விரும்புகிறோம்.

இவ்வகை ஓட்டங்களுக்கு முன்மாதிரியான 'தி கலர் ரன்' 2012 ஜனவரியில் அரிசோனா மாநிலத்தின் டெம்பி நகரில் தொடங்கியது. தொலைவு ஐந்து கிலோமீட்டர். நேரம் குறிப்பதில்லை, முதலிடமும் கடைசியிடமும் கிடையாது. வெள்ளைச் சட்டையுடன் புறப்படுபவர்கள் மீது ஒவ்வொரு கிலோமீட்டரிலும் ஒரு நிறப்பொடி வீசப்படும். பொடி என்பது சாயமேற்றிய சோளமாவு. அதை நடத்துவது ஒரு வணிக நிறுவனம். உள்ளூர் அறக்கட்டளைகளோடு கைகோத்துக்கொள்ளும். தமக்குத் தூண்டுதலாக இருந்தவற்றின் பட்டியலில் டிஸ்னியின் ஒளிக்காட்சியையும் சேற்றோட்டங்களையும் ஹோலியையும் ஒரே வரிசையில் அந்நிறுவனத்தார் வைத்திருந்தனர். பண்டிகை என்பது அங்கே பல சரக்குகளுள் ஒன்று.

இதைப் பண்பாட்டுக் களவு என்று கண்டிப்பது எளிது. கண்டிக்கும் உரிமை நமக்கு உண்டா என்பதுதான் கேள்வி. எங்களில் ஒருவருக்குக்கூட இளமையில் ஹோலி ஆடிய நினைவில்லை. சென்னையில் வளர்ந்தவருக்கு அது சௌகார்பேட்டையில் சேட்டுகள் கொண்டாடுவது. தஞ்சை மாவட்டத்துக்காரருக்கு நினைவிலிருப்பது காமன் பண்டிகை. ஹோலியை ஒட்டிய நாள்களில் வரும் அவ்விழாவில் காமனை எரிப்பார்கள். சிவனின் நெற்றிக்கண்ணால் காமன் எரிந்தானா இல்லையா என்று எரிந்த கட்சியும் எரியாத கட்சியும் இரவெல்லாம் லாவணி பாடும். இலங்கை மலையகத்துத் தேயிலைத் தோட்டங்களிலும் காமன் கூத்து உண்டு. அங்கெல்லாம் வண்ணப்பொடி முதன்மையானதல்ல. ஆயினும், முதல் கிலோமீட்டரில் மஞ்சள் பொடி தோளில் விழுந்தபோது ஏதோ உரிமையாளரின் பெருமிதம் எங்களுக்குள் எழுந்ததை மறைப்பது நேர்மையாகாது. ஊரில் நாம் 'வடக்கத்தியது' என்று விலக்கி வைத்ததை, அயலில் 'நம்முடையது' என்று அணைத்துக்கொள்கிறோம். புலம்பெயர்ந்த வாழ்வின் விசித்திரங்களில் இதுவும் ஒன்று.

மானுடவியலாளர் மெக்கிம் மாரியட் 1966இல் வெளிவந்த தம் கட்டுரையொன்றில் வட இந்தியச் சிற்றூர் ஒன்றின் ஹோலியை விவரித்திருக்கிறார். வசதி படைத்த பிராமண, ஜாட் ஆண்களின் கால்களில் கூலித் தொழிலாளர்களின் மனைவியர் தடியால் அடிக்கிறார்கள். ஊரையே மிரட்டித் திரிந்த மேல்சாதி இளைஞனை, அவனிடம் துன்புற்றவர்கள் ஒன்றுகூடிக் கழுதையின் மேல் பின்புறம் பார்த்து உட்காரவைத்து ஊர்வலம் விடுகிறார்கள். ஆய்வாளரும் தப்பவில்லை, பழஞ்செருப்பு மாலையுடன் அவரை ஆடவைத்திருக்கிறார்கள். ஓராண்டு முழுவதும் அடக்கிவைத்தவற்றை ஒரே நாளில் தீர்த்துக்கொள்ளும் ஏற்பாடு அது. மறுநாள் படிநிலைகள் மீண்டும் எழுந்து நின்றுவிடும் என்பதும் உண்மையே. எனினும் அங்கே யார் யார்மேல் எதை வீசினார் என்பதற்குப் பொருள் இருந்தது. ஏனெனில் வீசியவரும் வீசப்பட்டவரும் ஒருவரையொருவர் அறிந்தவர்கள்.

எங்கள் ஓட்டத்தில் பொடி வீசியவர்கள் தன்னார்வலர்கள். கையில் பீச்சும் குப்பி, முகத்தில் கண்ணாடி, மாறாத புன்னகை. அவர்களுக்கும் எங்களுக்கும் எந்தக் கணக்கும் இல்லை. தீர்த்துக்கொள்ள எதுவும் இல்லை. பகையற்ற இடத்தில் சமாதானத்துக்கும் வேலையில்லை. இதுவே நாங்கள் உணர்ந்த வெறுமை.

ஆனால் மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். எங்கள் வீட்டுப் பெண்கள் அன்று அச்சமின்றி ஓடினார்கள். பொடி வேண்டாம் என்று கையசைத்தவர்களை ஒதுங்கிப் போக விட்டார்கள். 'தவறாக எண்ணாதே, இன்று ஹோலி' என்ற சொற்றொடரின் மறைவில் நம் நாட்டுத் தெருக்களில் பெண்களுக்கு நிகழ்வதை அறிந்தவர்கள், இந்த ஒரு நாகரிகத்துக்காகவே அந்தச் சோளமாவை மன்னித்துவிடலாம். கேட்டுவிட்டுத் தொடுவது என்பது சிறிய காரியமல்ல.

முடிவிடத்தில் எல்லோரும் ஒருசேரப் பொடியை வானில் எறிந்தார்கள். சில நிமிடங்களுக்கு யார் வெள்ளையர், யார் கறுப்பர், யார் நம்மவர் என்று தெரியவில்லை. அந்தக் கணத்தில் மனம் நெகிழ்ந்தது உண்மை. ஆனால் உடனே வேறொன்றும் உறைத்தது. நிறம் என்பதை விருப்பப்பட்டுப் பூசிக்கொண்டு, வீட்டுக்குப் போய்க் கழுவிவிடக் கூடியவர்களுக்குத்தான் அது விளையாட்டு. வெள்ளைச் சட்டையைத் தொடக்கமாகவும் நிறத்தை மேலே ஏற்றுவதாகவும் அமைத்திருக்கும் அந்த ஏற்பாட்டைத் திட்டமிட்ட குறியீடு என்று நாங்கள் குற்றஞ்சாட்டவில்லை. குளித்து முடித்தபின் எங்கள் நிறம் எங்களிடமே இருந்தது என்பதை மட்டும் பதிவு செய்கிறோம். இதைச் சொல்லும்போது கூச்சமும் வருகிறது. வருணம் என்ற சொல்லுக்கு நிறம் என்றும் பொருள், சாதிப்பிரிவு என்றும் பொருள். ஊரில் கழுவ முடியாத வருணத்தைப் பிறர்மேல் பூசிவைத்த சமூகத்திலிருந்து வந்தவர்கள் நாம். இங்கே வந்து நிறத்தைப் பற்றிப் பேசும்போது அங்கேயுள்ளதையும் சேர்த்துத்தான் பேச வேண்டும்.

திங்களன்று உணவு இடைவேளையில் நண்பரிடம் எங்கள் தாமதமான விடையைச் சொன்னோம். இது எங்கள் பண்டிகை அல்ல, எங்கள் நாட்டில் வேறொரு பகுதியினருடையது என்றோம். காமன் பண்டிகையைப் பற்றியும் விளக்கினோம். அவர் உண்ணுவதை நிறுத்திவிட்டு, "சரி, கடைசியில் அவன் எரிந்தானா, இல்லையா?" என்று கேட்டார். தஞ்சைக்காரர் எரிந்தான் என்றார். சென்னைக்காரர் இல்லை என்றார். நண்பரும் ஒரு கட்சியில் சேர்ந்துகொண்டார். அன்று உணவு இடைவேளை முடிந்தும் வழக்கு முடியவில்லை. ஐந்து கிலோமீட்டர் சேர்ந்து ஓடியபோது நேராத ஒரு நெருக்கம் அந்த மேசையில் நேர்ந்தது என்றே எங்களுக்குத் தோன்றுகிறது.