செருப்பை எடுத்து வருபவன்



இதழ் இரண்டு மாதம் தாமதம். காரணம் வழக்கமானதுதான், அச்சகத்துக்குப் பழைய பாக்கி. அதை விடுவோம்.

சென்ற மாதம் ஆரணி பழைய பேருந்து நிலையத்துக்குப் பக்கத்து டீக்கடையில் நம் மாணவத் தோழர்கள் நாலைந்து பேர் சூடாக விவாதித்துக்கொண்டிருந்தார்கள். உள் ஒதுக்கீடு பற்றி என்று நினைத்துப் போய் உட்கார்ந்தேன். விவாதம் அடுத்த ஜேம்ஸ் பாண்ட் யார் என்பது பற்றி! "இந்த வாட்டி ஒரு கறுப்பரைப் போடணும்ணா. அதான நம்ம அரசியலு? நீங்க இன்னா சொல்றீங்க?" என்றான் ஒருவன். டீயைக் குடித்துவிட்டுப் பதில் சொல்லாமல் வங்கிக்குப் போய்விட்டேன். இது அந்தப் பதில். வெள்ளைக்கார உளவாளிக்கு இன்னாத்துக்குய்யா ஒரு தலையங்கம் என்று கேட்கிறவர்கள் கொஞ்சம் பொறுக்கணும்.

முதலில், அந்தக் கேள்வி மாணவர்களுடையது இல்லை. 2025 பிப்ரவரியில் பாண்ட் படங்களின் படைப்புக் கட்டுப்பாடு பார்பரா பிராக்கோலி, மைக்கேல் வில்சன் குடும்பத்திடமிருந்து அமேசானுக்குப் போனது. சேதி வெளியான கையோடு ஜெஃப் பெசோஸ் தன் எக்ஸ் பக்கத்தில், அடுத்த பாண்டாக யாரைத் தேர்ந்தெடுப்பீர்கள் என்று உலகத்தைக் கேட்டார். முதலாளி வீசிய கேள்வி ஆரணி டீக்கடை பெஞ்சு வரை வந்து சேர்ந்திருக்கிறது. நாமும் அதை நம் கேள்வி என்று நினைத்துத் தொண்டை வறளப் பேசுகிறோம்.

நான் கௌண்டரில் உட்காருகிறவன். நகைக்கடன் சீட்டு எழுதிக் கை பழகியவன். ஒரு சொத்து யார் பேரில் இருக்கிறது, யார் கையில் இருக்கிறது என்று பார்ப்பது தொழில் புத்தி. அந்தப் புத்தியோடு பார்த்தால் பாண்டின் வரலாறு ஒரு நீண்ட வில்லங்கச் சான்றிதழ். 1961இல் ஆல்பர்ட் பிராக்கோலியும் ஹாரி சால்ட்ஸ்மனும் கம்பெனி தொடங்குகிறார்கள். 1975இல் சால்ட்ஸ்மன் கடன் நெருக்கடியில் தன் பங்கை யுனைடெட் ஆர்ட்டிஸ்ட்ஸுக்கு விற்கிறார். அந்த யுனைடெட் ஆர்ட்டிஸ்ட்ஸ் அப்போது டிரான்ஸ்அமெரிக்கா என்ற இன்சூரன்ஸ் கம்பெனியின் சொத்து. 1981இல் அது எம்ஜிஎம் கைக்குப் போகிறது. 1990இல் ஜியான்கார்லோ பரெட்டி என்ற இத்தாலியர் கிரெடி லியோனே வங்கியில் கடன் வாங்கி எம்ஜிஎம்மை வாங்குகிறார். கடன் நிற்கவில்லை. 1992இல் வங்கியே கம்பெனியை எடுத்துக்கொள்கிறது. அன்றைக்கு அது பிரெஞ்சு அரசின் வங்கி! 1995இல் 'கோல்டன்ஐ' வந்தபோது பிரிட்டிஷ் ராணியின் உளவாளியில் ஒரு பங்கு பிரெஞ்சு அரசாங்க வங்கியின் கணக்கில் கிடந்தது. தாலிச் சரடை வைத்துவிட்டு வட்டி கட்ட வருகிற அம்மாக்களிடம் இதைச் சொன்னால் சிரிப்பார்கள். 2010இல் எம்ஜிஎம் திவால். 2022 மார்ச் 17இல் அமேசான் 845 கோடி டாலருக்கு எம்ஜிஎம்மை முடித்துக்கொண்டது. பாண்ட் மட்டுமல்ல, சுமார் 4,000 படங்கள் சேர்த்து.

இதற்கு நடுவே 2021இல் வந்த படத்தின் முடிவில் பாண்ட் செத்தே போனான். அதனால் விலை ஒன்றும் குறையவில்லை. நம் பக்கம் வேறு கதை. சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் ஜெய்சங்கரை வைத்து 1966இல் 'வல்லவன் ஒருவன்', 1970இல் 'சிஐடி சங்கர்' எடுத்தது. தென்னகத்து ஜேம்ஸ்பாண்ட் என்றால் என் அப்பாவுக்கு இன்றும் முகம் மலரும். அந்த ஸ்டுடியோவில் இன்று கண்ணுக்குத் தெரிகிற மிச்சம் ஏற்காடு சாலை நுழைவு வளைவுதான். கம்பெனி போனதோடு சங்கரும் போனான். பாண்ட் போகமாட்டான், ஏனென்றால் அவன் ஆள் இல்லை, பத்திரம். கைமாறிக்கொண்டே இருப்பான்.

எங்கள் தெரு நெசவாளர் ஒருவரிடம் இந்தக் கதையைச் சொன்னேன். ஆச்சரியப்படவே இல்லை. "இதுல இன்னா தம்பி கீது? தறி என் வூட்ல. பாவும் ஊடையும் மொதலாளி குடுக்கறாரு. டிசைன் அட்டை அவுரோடது. பொடவைக்குப் பேரு கடைக்காரன் வெக்கிறான். கை மட்டுந்தான் என்னுது."

பாண்ட் படத்திலும் அப்படி ஒரு கை உண்டு. முதல் படமான 'டாக்டர் நோ'வில் குவாரல் என்றொரு கறுப்புப் படகோட்டி வருகிறான். நடித்தவர் ஜான் கிட்ஸ்மில்லர் என்ற அமெரிக்கக் கறுப்பர். கடலும் காற்றும் குவாரலுக்குத்தான் தெரியும். வில்லனின் தீவுக்கு ராத்திரியில் பாண்டைக் கொண்டுபோய்ச் சேர்ப்பவன் அவன். அங்கே கடற்கரையில், என் செருப்பை எடுத்து வா என்கிறான் பாண்ட். கோபமில்லை, அதட்டலில்லை, மூச்சு விடுவது மாதிரி சொல்கிறான். ஊர்த்தெரு வந்ததும் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு நடந்த தாத்தாக்களின் பேரப்பிள்ளைகள் நாம். நம் காதில் அந்த வசனம் மட்டும் எப்படித் தோழர்களே விழாமல் போனது? துப்பாக்கிச் சத்தம் அவ்வளவு பெரிதாகவா இருந்தது? கொஞ்ச நேரத்தில் நெருப்புக் கக்கும் வண்டியில் குவாரல் எரிந்து சாகிறான். படம் அவனைத் தாண்டிப் போய்விடுகிறது.

ஜமைக்கா சுதந்திரம் வாங்கியது 1962 ஆகஸ்ட் 6. படம் லண்டனில் வெளியானது அக்டோபர் 5. நாடு விடுதலையாகி இரண்டு மாதம் ஆக ஒரு நாள் பாக்கி. அந்த நாட்டுக் கடற்கரையில் பிடித்த செருப்புக் காட்சியை லண்டன் உட்கார்ந்து பார்த்தது. கையைவிட்டுப் போன சாம்ராஜ்யத்தைத் திரையில் மீட்டெடுக்கும் ஏற்பாடுதான் பாண்ட் என்ற பிம்பம் என்று விமர்சகர்கள் பலர் எழுதியிருக்கிறார்கள். எனக்கு அந்த ஒரு காட்சி போதும்.

1983இல் வெளியான 'ஆக்டோபசி'க்காக உதய்பூர் வந்தார்கள். நம் சென்னைக்காரர், விம்பிள்டன் வரை ஆடிய விஜய் அமிர்தராஜ், அதில் பாண்டுக்கு உதவியாள். சூதாட்டத்தில் ஜெயித்த பணத்தை இந்திய உதவியாளுக்குக் கொடுத்து, சில வாரம் கறிக்குழம்புக்கு ஆகும் என்று ஜோக் அடிக்கிறான் பாண்ட். துரத்தல் காட்சியில் ரூபாய் நோட்டை வீசி ஜனங்களைப் பொறுக்க விடுகிறான். விஜய் கொல்லப்படுகிறார். குவாரலுக்கும் விஜய்க்கும் நடுவே 21 வருஷம், எத்தனையோ கைமாற்றம். உதவியாள் சாகிற விதி மட்டும் மாறவில்லை.

கறுப்பர் பாண்டாக வரக்கூடாது என்று நான் சொல்லவில்லை. வந்தால் முதல் காட்சிக்கு நானும் போவேன். ஆனால் அவருடைய செருப்பை யார் எடுத்து வருவார் என்று அந்தத் தம்பி யோசிக்கணும். அமேசான் எம்ஜிஎம்மை வாங்கிய 15ஆம் நாள், 2022 ஏப்ரல் 1இல், நியூயார்க் ஸ்டேட்டன் ஐலண்ட் கிடங்கில் சங்கத்துக்கான வாக்கெடுப்பில் தொழிலாளர்கள் ஜெயித்தார்கள். அமெரிக்காவில் அந்தக் கம்பெனியில் முதல் சங்கம். முன்னின்றவர் கிறிஸ் ஸ்மால்ஸ், 2020 மார்ச்சில் அங்கே வேலை நீக்கம் செய்யப்பட்ட கறுப்பர். 2024இல் அரியானா மானேசர் கிடங்கில், லாரிச் சரக்கு இறக்கி முடியும்வரை தண்ணீர் குடிக்கவோ கழிப்பறைக்கோ போகமாட்டோம் என்று தொழிலாளர்களை உறுதிமொழி எடுக்க வைத்ததாகச் செய்தி வந்து, தேசிய மனித உரிமை ஆணையம் நோட்டீஸ் அனுப்பியது. குவாரல்கள் எல்லாரும் படத்துக்குள்ளேயே இல்லை.

திரையில் முகம் வேண்டும், சரி. பத்திரத்திலும் பெயர் வேண்டும். பா. ரஞ்சித் படம் இயக்குவதோடு நிற்காமல் நீலம் புரொடக்ஷன்ஸ் தொடங்கியதும், அதிலிருந்து 2018இல் மாரி செல்வராஜின் 'பரியேறும் பெருமாள்' வந்ததும் இதை விளங்கவைக்கும்.

இன்னொரு சங்கதி, மாணவர்கள் கவனிக்க. பாரதி பாடல்களின் ஒலிப்பதிவு உரிமை ஒரு காலத்தில் சினிமாக் கம்பெனியான ஏவிஎம்மிடம் இருந்தது. 1949இல் அரசு வாங்கியது, பிறகு பொதுவாக்கியது. அம்பேத்கர் எழுத்துகள் 2017 முதல் யாரும் அச்சிடலாம் என்றானது, ஏனென்றால் நம் சட்டப்படி ஆசிரியர் இறந்த வருஷம் முடிந்து 60 ஆண்டுதான் பதிப்புரிமை. பாண்டை எழுதிய இயான் ஃபிளெமிங் இறந்தது 1964. ஆக, அவர் உயிரோடிருக்கையில் வெளிவந்த நாவல்கள் 2025 ஜனவரி 1 முதல் இந்தியாவில் பொதுச்சொத்து. படங்களின் உரிமை, 007 என்ற முத்திரை இவை வேறு, அவற்றில் கை வைத்தால் வக்கீல் நோட்டீஸ் வரும். ஆனால் 1958இல் வந்த 'டாக்டர் நோ' நாவலின் குவாரல்? அவன் மேல் இங்கே யாருக்கும் வில்லங்கம் இல்லை.

அடுத்த இதழில் எட்டுப் பக்கம் அவனுக்கு ஒதுக்கியிருக்கிறோம். அந்த ராத்திரியைப் படகோட்டி சொல்லட்டும், ஆரணிப் பேச்சிலேயே சொல்லட்டும். டைப் அடிக்கணும் என்று இல்லை, நோட்டுத்தாளில் எழுதி டீக்கடையில் கொடுத்தாலும் என்னிடம் வந்துவிடும்.